வெற்றிலை வாங்கின கை

பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் அந்தம்மா இந்தப் பக்கத்தைக் கத்தரித்து பிளாஸ்டிக் உறையில் போட்டு, "பாரு, நம்மளப் பத்தி பொஸ்தகத்துல வந்துக்குது" என்று ஏரவாடா முழுக்கக் காட்டிக்கொண்டு திரியும். அந்தச் சந்தோஷத்தை நான் எதற்குக் கொடுக்க வேண்டும்? என்னைவிட இருபது வயது மூத்தது. இருந்தும் மரியாதை போட்டு எழுதக் கை வரமாட்டேன் என்கிறது. ஊரே அக்கா அக்கா என்று உருகும். எனக்கு அந்தம்மா, அவ்வளவுதான்.

நான் கோயமுத்தூர்க்காரி. பி.ஃபார்ம் படித்தவள். வீட்டுக்காரருக்குப் புனேயில், மகர்பட்டாவில் வேலை கிடைத்து இங்கே வந்தோம். பதினோராவது மாடியில் வீடு, ஜன்னலைத் திறந்தால் எதிர் டவரின் ஜன்னல். பொழுது போகாமல் கிடந்தபோது ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் தமிழ் தெரிந்த ஆள் வேண்டும் என்றார்கள். அங்கே இரண்டாம் மாடியில் மருந்து சோதனைப் பிரிவு நடந்தது. புது மாத்திரை கடைக்கு வருவதற்கு முன்னால் மனுஷர்களுக்குக் கொடுத்துப் பார்ப்பார்கள் இல்லையா, அந்த வேலை.

அதில் எனக்குக் கிடைத்தது சாட்சி வேலை. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குச் சம்மதப் படிவத்தை வாசித்துச் சொல்லும்போது பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். எல்லாம் விளக்கிச் சொன்னார்கள், இவர் புரிந்துகொண்டு, யார் வற்புறுத்தலும் இல்லாமல் ஒப்புக்கொண்டார் என்று அடியில் கையெழுத்துப் போட வேண்டும். விதிப்படி அந்தச் சாட்சி வெளியாளாக இருக்க வேண்டுமாம். "உங்களுக்குச் சம்பளம் தருவது ஆஸ்பத்திரி. சோதனை நடத்துவது கம்பெனி. அப்போ நீங்க வெளியாள்தானே?" என்றார் டாக்டர் சார். நானும் பெரிய புத்திசாலி மாதிரி தலையாட்டினேன்.

படிவத்தை வாசித்துச் சொல்வது அந்தம்மா. ஆட்களைக் கூட்டி வருவதும் அதுதான். தாபோடியில் பிறந்து வளர்ந்தது. அப்பா ராணுவப் பட்டறையில் வேலை பார்க்க வேலூர்ப் பக்கமிருந்து வந்தவர். தமிழ், இந்தி, மராத்தி மூன்றையும் ஒரே வாக்கியத்தில் போட்டுப் பிசைந்து பேசும். வாயைத் திறந்தால் "நம்ம ஜனம்". யாராவது பயந்தால் "டென்ஷன் நக்கோ, நான் கீறேன் இல்ல" என்று முதுகில் தட்டும். குண்டு முகம், நெற்றி நிறையப் பொட்டு, சிரித்தால் கண் காணாமல் போகும். அந்தச் சிரிப்பை முதல் தடவை பார்த்தபோது, இந்த அத்துவானத்தில் நமக்கு ஒரு ஆள் கிடைத்தது என்று நானே நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் சார் எங்களை எல்லாம் உட்கார வைத்துப் பேசினார். சர்க்கரை நோய்க்கு ஒரு புது மாத்திரை வருகிறது, வெளிநாட்டுக் கம்பெனி. இதுவரைக்கும் சோதனைக்கு வந்தவர்கள் எல்லாம் ஒரே வகை, முக்கால்வாசி ஆண்கள், படித்தவர்கள், வசதியானவர்கள். மருந்து சாப்பிடப்போவது எல்லாரும். அதனால் இந்தத் தடவை பெண்கள் வேண்டும், ஐம்பது தாண்டியவர்கள் வேண்டும், கூலி வேலை பார்ப்பவர்கள் வேண்டும், பல மொழிக்காரர்கள் வேண்டும். வேலையை விட்டு வந்தால் கூலி போகுமே என்று அவர்கள் வருவதில்லை. ஆகவே வந்து போகிற செலவோடு அன்றைய கூலியையும் கையில் கொடுத்துவிடலாம் என்று கம்பெனி சொல்கிறது.

கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் அந்தம்மா என் தோளைப் பிடித்து உலுக்கியது.

"புரிதாம்மா? எவனோ ஒருத்தன் ஒடம்புக்கு அளவெடுத்துத் தெச்ச சொக்காயத்தான் இத்தினி நாளா நமக்கு மாட்டி வுட்டுக்கினு இருந்தானுங்க. நம்ம ஜனத்த எவனாச்சும் அளவெடுத்தானா? இப்பத்தான் கூப்புடுறான். வுட்ருவமா?"

நியாயமான பேச்சு. இன்றைக்கும் நியாயம் என்றுதான் சொல்வேன். கூலியைக் கொடுப்பதிலும் எனக்குக் குறை இல்லை. ஏழை மட்டும் சும்மா வந்து ரத்தம் கொடுத்துவிட்டுப் போக வேண்டுமா என்ன? இவ்வளவு நியாயமான காரியத்தை இவ்வளவு அசிங்கமாகச் செய்ய முடியும் என்பதுதான் எனக்குத் தெரியாமல் இருந்தது.

அந்த அசிங்கம் ஒரு எவர்சில்வர் தட்டில் வந்தது.

கம்பெனி சொன்னபடி பணத்தை உறையில் போட்டுக் கையெழுத்து வாங்கிக் கொடுத்தால் போதும். அந்தம்மா அப்படிக் கொடுக்காது. படிவத்தில் கைநாட்டு வாங்கி, நான் சாட்சி போட்டு முடித்ததும், பைக்குள்ளிருந்து தட்டை எடுக்கும். வெற்றிலை ஐந்து, கொட்டைப் பாக்கு, மஞ்சள் கிழங்கு, ஒரு முழம் பூ. உறையை அதன்மேல் வைக்கும். கிழக்கே பார்த்து நிற்கச் சொல்லி, "ரெண்டு கையால வாங்கிக்கோ. அம்மாவ நெனச்சுக்கோ" என்று நீட்டும். எதிரில் இருப்பவர் எழுந்து, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கண்ணில் ஒற்றி வாங்குவார். கல்யாணம் நிச்சயம் பண்ணும்போது மாற்றுகிற தட்டு அது. வீடு வாங்க அச்சாரம் கொடுக்கிற தட்டு. வாங்கியபின் முடியாது என்று சொன்னால் அந்தக் குடும்பத்தோடு யாரும் சம்பந்தம் பேச மாட்டார்கள். முதல் தடவை பார்த்தபோது, அட, எவ்வளவு மரியாதையாக நடத்துகிறது என்று பூரித்துப்போனேன். மடச்சி.

படிவத்தில் இரண்டாம் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் இருக்கும், நீங்கள் எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமல் விலகிக்கொள்ளலாம் என்று. அந்தம்மா அதையும் விடாமல் வாசிக்கும். வாசித்த கையோடு தட்டை நீட்டும்.

அப்புறம் அந்தக் கட்டைவிரல். யாரைப் பார்த்தாலும் கையைப் பிடித்துக்கொண்டுதான் பேசும் என்பதால் பாசக்காரி என்று பெயர். பிடிப்பது மணிக்கட்டை இல்லை, முழங்கையை. பேசிக்கொண்டே கட்டைவிரலால் உள்மடிப்பைத் தடவி நரம்பு எப்படி என்று பார்க்கும். தாபோடியில் ஒரு சாவு வீட்டுக்கு என்னையும் கூட்டிப் போனது. புருஷனைப் பறிகொடுத்தவளைக் கட்டிக்கொண்டு அந்தம்மா அழுத அழுகையில் எனக்கும் கண் கலங்கிவிட்டது. நிஜக் கண்ணீர், சத்தியமாகச் சொல்கிறேன், நடிப்பு இல்லை. விரல் மட்டும் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோவில் மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னது: "பாவம். நல்ல நரம்பு. காரியம் முடியட்டும், கேக்கலாம்."

சீ என்று ஆகிவிட்டது எனக்கு. ஆனால் மறுநாளே ஒன்று நடந்தது. ரத்தம் எடுக்க வந்த ஒரு கிழவர் மயக்கம் வந்து, உடம்பெல்லாம் வாந்தி எடுத்துவிட்டார். நர்ஸ் ஆயாவைக் கூப்பிடப் போனாள். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு சுவரோரம் நகர்ந்தேன். அந்தம்மா தன் முந்தானையால் அவர் வாயைத் துடைத்து, சட்டையைக் கழற்றி, வெறுங்கையால் தரையை வழித்து, "ஒண்ணும் இல்ல நைனா, ஒண்ணும் இல்ல" என்று மடியில் சாய்த்துக்கொண்டது. இதை என்ன ஜாதி மனுஷி என்று நான் எடுத்துக்கொள்வது? கெட்டவள் என்று ஒரேயடியாகத் தலைமுழுகிவிட முடிந்திருந்தால் எனக்கு இத்தனை வயிற்றெரிச்சல் இருக்காது.

ஒரு பெயிண்டர், முப்பது முப்பத்தைந்து வயசு. வேறு ஒரு மருந்துக்கு வந்தவர். மூன்றாவது வாரம் உடம்பெல்லாம் தடித்துச் சிவந்து, போதும் சாமி, நான் வரவில்லை என்று போன் பண்ணினார். அந்தம்மா அவர் வீட்டுக்குக் கிளம்பியது, நானும் கூடப் போனேன். உள்ளே கூப்பிட்டும் போகவில்லை, வாசற்படியில் உட்கார்ந்துகொண்டது. திட்டவில்லை, மிரட்டவில்லை, பணத்தைப் பற்றி மூச்சுக்கூட விடவில்லை. அவர் பெண்டாட்டி நீட்டிய தண்ணீரையும் வாங்கவில்லை.

"வெத்தல வாங்குன கை இது" என்று அவர் கையைக் காட்டிச் சொன்னது. "நான் ஒண்ணும் கேக்கல. உன் மனசுக்கே வுட்டுட்டேன்." அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து நடந்தது.

திங்கட்கிழமை அவர் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து வரிசையில் நின்றார்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "விலகிக்கலாம்னு படிவத்திலயே இருக்குதுங்களே. நீங்கதானே வாசிக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"அது பேப்பருக்கு வாசிக்கிறது. படிச்ச பொண்ணு நீ, மனுசன் பேப்பருக்கா கட்டுப்படுவான்?" என்று சிரித்தது. "பாதியில எல்லாரும் ஓடிட்டானுங்கன்னா நம்ம ஜனத்தோட கணக்கு எப்புடி நிக்கும்? மறுபடி எவன் கூப்புடுவான்?"

சாரிடம் போனேன். அவர் தன் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். அந்தத் தட்டின் போட்டோ. கம்பெனிக்காரர்களுக்குக் காட்டப் போகிறாராம், உள்ளூர்ப் பண்பாட்டை மதித்து மக்களைச் சேர்க்கிறோம் என்று மேலே தலைப்பு. எங்களிடம் சேர்ந்தவர்கள் யாருமே பாதியில் விலகியதில்லை என்பதில் அவருக்கு அத்தனை பெருமை. "உங்களுக்கு நம்ம கலாசாரம் பிடிக்காதா?" என்று கேட்டார். அன்றைக்கே நான் வேலையை விட்டிருக்க வேண்டும். விடவில்லை. அடுத்த வாரமும் போய் ஏழு படிவத்தில் சாட்சி போட்டேன்.

இனி செல்விக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்ல வாய் கூசுகிறது.

செல்விக்கா எங்கள் வீட்டில் வேலை செய்தவர். ஏரவாடாவிலிருந்து இரண்டு வண்டி மாறி வருவார். ஐம்பத்திரண்டு வயது, புருஷன் இல்லை, ஒரே மகளைச் சோலாப்பூரில் கட்டிக்கொடுத்திருந்தார். பாத்திரம் தேய்த்துக்கொண்டே தமிழில் ஊர்க்கதை பேசுவார், எனக்கு அது ஒரு டம்ளர் காபிக்குச் சமம். சர்க்கரை இருந்தது. பொங்கலன்று அந்தம்மாவைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தேன். சமையலறைக்குள் வந்தது, ஈரக் கையோடு நின்ற செல்விக்காவின் முழங்கையைப் பிடித்தது. "இன்னா நரம்பு! கயிறு மாதிரி" என்றது. பெண், ஐம்பது தாண்டியவர், வீட்டு வேலை, தமிழ், சர்க்கரை. சார் கேட்ட அத்தனையும் என் வீட்டு சிங்க் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. நானும் தடுக்கவில்லை. இலவச வைத்தியம், கையில் காசு, அவருக்கு நல்லதுதானே என்று நினைத்தேன். அவர் தட்டை வாங்கியபோது சாட்சிக் கையெழுத்து என்னுடையது.

மாத்திரையைக் காலையில் சாப்பிட்டுவிட்டுப் போட வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் சர்க்கரை கிடுகிடுவென இறங்கிவிடும். ஆறு மாதம் ஒழுங்காக நடந்தது.

ஆடி வந்தது. நம் ஊரில் ஆடிக்குக் காற்றடிக்கும், புனேயில் விடாத மழை. ஏரவாடாவில் நம்மவர்கள் கட்டிய அம்மன் கோயிலில் திருவிழா. செல்விக்கா ஒரு காலையில் கையில் மஞ்சள் கயிற்றோடு வந்தார்.

"காப்பு கட்டிக்கினேன்மா. பத்து நாளு, ராத்திரி ஒரு வேளைதான். கடசி நாளு தீச்சட்டி. இந்த மாத்திரைய அதுவரைக்கும் நிறுத்திக்கலாமாம்மா? சாப்புட்டுப் போடணும்னு சொன்னாங்களே."

கம்பெனியிலிருந்து ஃபைல் பார்க்க ஆள் வருகிற வாரம் அது. தாள்களைச் சரிபார்க்கும் வேலையையும் சார் என் தலையில் கட்டியிருந்தார், லேப்டாப்பைத் திறந்து வைத்துத் தலை கிறுகிறுக்க உட்கார்ந்திருந்தேன். நிறுத்தினால் அதற்கு ஒரு தாள் எழுத வேண்டும், ஏன் என்று கேட்பார்கள், ஒருவேளை அவர் பெயரையே எடுக்க வேண்டி வரும். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "அக்காகிட்டக் கேட்டுக்குங்க செல்விக்கா" என்றேன்.

நான் பி.ஃபார்ம். பதில் எனக்குத் தெரியும். நிறுத்துங்க என்று சொல்ல எத்தனை நேரம் ஆகியிருக்கும்?

அவர் அக்காவிடம் கேட்டார். பத்தாம் நாள் மதியம், மழையில், இரண்டு கையிலும் தீச்சட்டியோடு கோயிலுக்கு மூன்று தெரு தள்ளி விழுந்தார். அருள் வந்து விழுந்ததாக நினைத்து, சுற்றி நின்றவர்கள் குலவை போட்டார்களாம். வேப்பிலையால் விசிறினார்களாம். நெருப்பு அவர் கையிலும் மார்பிலும் கொட்டிக் கிடந்தது. சர்க்கரை இறங்கிய மயக்கம் என்று யாருக்குத் தெரியும்? ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருவதற்குள் வெகுநேரம் ஆகிவிட்டது.

மூன்று நாள் கண் திறக்கவில்லை. திறந்தபோது பேச்சு ஒவ்வொரு வார்த்தையாக, இழுத்து இழுத்து வந்தது. கால் நிற்கவில்லை. இரண்டு உள்ளங்கையிலும் கட்டு. இனி பாத்திரம் தேய்க்க முடியாது, தனியாக இருக்கவே முடியாது என்றார்கள். சோலாப்பூரிலிருந்து வந்த மகள், கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "எங்க வூட்ல சேக்க மாட்டாங்கக்கா, இனிமே இவங்கள யாரு பாப்பா?" என்று என்னிடமே கேட்டாள்.

வராந்தாவில் அந்தம்மாவை நிறுத்திக் கேட்டேன், செல்விக்கா உன்னிடம் கேட்டாரா இல்லையா என்று.

"கேட்டா" என்றது, கொஞ்சமும் கூசாமல். "அம்மாவுக்குக் குடுத்த வாக்கையும் காப்பாத்து, வெத்தலைக்குக் குடுத்த வாக்கையும் காப்பாத்துன்னேன். ரெண்டையும் காப்பாத்திட்டா மகராசி." சொல்லிவிட்டுப் பொலபொலவென்று அழுதது. அந்தக் கண்ணீரும் நிஜம். எனக்கு அப்படியே அறைய வேண்டும் போலிருந்தது. அறைந்திருந்தால் அதே கையால் நானே எனக்கும் ஒன்று போட்டுக்கொள்ள வேண்டும்.

சார் கதவைச் சாத்திவிட்டுக் கணக்கை விளக்கினார். விரதம் இருப்பதை எங்களில் யாரிடமாவது சொல்லியும் மாத்திரையை நிறுத்தவில்லை என்றால், தப்பு நம்முடையது. வைத்தியம், நஷ்டஈடு, ஆயுசுக்கும் பராமரிப்பு, எல்லாம் கம்பெனி தலையில். நம் பிரிவையும் இழுத்து மூடிவிடுவார்கள். யாரிடமும் சொல்லாமல் மறைத்தார் என்றால், விதியை மீறியது அவர். பெரிதாக எதுவும் தர வேண்டியதில்லை. "சோதனைகளைக் கண்காணிக்கிற கமிட்டியிலிருந்து விசாரிக்க வருவார்கள். அவரே என்ன சொல்கிறாரோ சொல்லட்டும்" என்றார், ரொம்ப நியாயஸ்தர் மாதிரி.

அந்த ஒரு வாரமும் அந்தம்மா செல்விக்காவின் கட்டிலை விட்டு நகரவில்லை. கஞ்சி ஊட்டியது, தலை வாரிப் பின்னியது, மலம் அள்ளியது. மகளைத் தூங்கச் சொல்லிவிட்டுக் காதோடு காதாக என்னவோ பேசிக்கொண்டே இருந்தது. என்ன பேசியிருக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே ஹார்லிக்ஸ் வாங்கிக்கொண்டு போய் வைத்துவிட்டு வந்தேன்.

கமிட்டியிலிருந்து ஒரு மராத்தி அம்மாள் வந்தார், வக்கீலாக இருந்து ஓய்வு பெற்றவர். நோயாளி தன் தாய்மொழியில்தான் சொல்ல வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மொழிபெயர்க்க யார்? நான்தான். வேறு தமிழ் ஆள் இல்லை என்று சார் சொன்னார், நானும் மறுக்கவில்லை. அந்தம்மாவை வெளியே போகச் சொன்னார்கள். எழுந்து, செல்விக்காவின் போர்வையைச் சரிசெய்துவிட்டுப் போனது.

விரதம் இருக்கப் போவதை யாரிடமாவது சொன்னீர்களா என்று அந்த அம்மாள் கேட்டார். நான் தமிழில் கேட்டேன். சொல்லிவிடுங்கள் செல்விக்கா என்று உள்ளுக்குள் கும்பிட்டேன். சொல்லிவிடாதீர்கள் என்றும் கும்பிட்டேன். இரண்டும் உண்மை.

செல்விக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வார்த்தைகளைத் தேடி ஒவ்வொன்றாக எடுத்தார்.

"யார்... கிட்டயும்... சொல்லல. நானாத்தான். தப்பு என்னுது."

நான் இந்தியில் சொன்னேன். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அந்த அம்மாள் எழுதிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "உங்கள் வீட்டில்தானே வேலை செய்தார்? உங்களிடம்கூடச் சொல்லவில்லையா?"

"இல்லை" என்றேன்.

அதையும் எழுதிக்கொண்டார். கைநாட்டு வாங்க மை டப்பாவைத் திறந்தவர், கட்டுப்போட்ட கைகளைப் பார்த்துவிட்டு, கால் பெருவிரல் ரேகை போதும் என்று நர்ஸைக் கூப்பிட வெளியே போனார். அறையில் நாங்கள் இரண்டு பேர்தான். செல்விக்கா தலையை மெதுவாக என் பக்கம் திருப்பினார். பரீட்சை எழுதிவிட்டு வந்த பிள்ளையின் பயம் அந்த முகத்தில்.

"சரியாச்... சொன்னனாம்மா? ஒங்க... வேலைக்கு... ஒண்ணும்... ஆவாதில்ல?"

"ஆகாது செல்விக்கா" என்றேன். "சரியாத்தான் சொன்னீங்க."